இடப்பக்கத்துப் பழங்கள்

எங்கள் நண்டுத் தொழிற்சாலையில் காலைத் தேநீருக்குக் கால்மணி நேரம் விடுவார்கள். கையுறை, தொப்பி, வெள்ளைக் கோட்டு எல்லாவற்றையும் கழற்றி, முழங்கால்வரை வரும் இறப்பர் சப்பாத்தை மாற்றி, நண்டு மணம் போகச் சவர்க்காரம் போட்டுக் கைகழுவி வெளியே வருவதற்குள் அதில் பாதி போய்விடும். மிச்ச நேரத்தில் பால் விடாத பிளேன்ரீ ஒன்று குடிக்கலாம். போனில் ஒரு விளையாட்டு விளையாடலாம். இரண்டையும் ஒன்றாகச் செய்யப் பழகிக்கொண்டவள் நான்.

அந்த விளையாட்டு என் போனுக்குள் எப்படி வந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. ஏதோ விளம்பரத்தில் விரல் பட்டிருக்க வேண்டும். ஒருநாள் திறந்து பார்த்தபோது சின்னச் சின்னச் சதுரக் கட்டைகள் குவியலாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பழமோ மரக்கறியோ வரைந்திருந்தது. ஒரேமாதிரி மூன்றைத் தேடித் தொட்டால் அவை கீழே இருக்கும் தட்டுக்கு ஓடிப்போய் மணி கிலுங்கின மாதிரி ஒரு சத்தத்தோடு மறைந்துவிடும். பொருந்தாததை எல்லாம் தொட்டுத் தட்டை நிரப்பிவிட்டால் தோல்வி. எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் ஒரு முயல் வந்து கைதட்டும். தோற்றாலும் அந்த முயல் கோபிக்காது. காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு பெருமூச்சு விடும், அவ்வளவுதான்.

எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் என் வேலை என்றுதான் நினைக்கிறேன். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுப்பது மற்றப் பெண்களின் வேலை. அவர்கள் எடுத்த சதையை விளக்கு வெளிச்சத்தில் பரப்பி, ஓட்டுத் துண்டு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. வெள்ளைச் சதைக்குள் வெள்ளை ஓட்டைத் தேடவேண்டும். ஒரு துண்டு தவறி, வெளிநாட்டில் யாருடைய பல்லிலாவது கடிபட்டால் பெட்டி முழுவதும் திரும்பிவரும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அப்படிப் பயந்து பயந்து தேடிய கண்ணுக்கு, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாய்க் கிடக்கும் பழங்களைத் தேடுவது குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். அதிலும் தேடல்தான். ஆனால் பிழை விட்டால் முயல் மட்டும்தான் கவலைப்படும்.

பழங்களுக்கு நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். பச்சைத் தோலும் நடுவில் பெரிய விதையுமாய் இருந்த ஒன்றை நான் மாங்காய் என்று நினைத்திருந்தேன். "அது ஆனைக்கொய்யா அக்கா, இங்கிலீசிலை அவகாடோ. மாங்காய்க்கு உப்பிடி உருண்டைக் கொட்டை எங்கை கிடக்கு?" என்று திருத்தியவள் என் பக்கத்தில் இருந்து வேலைசெய்த பெண். நீர்வேலியில் வாழைத்தோட்டக்காரர் வீட்டில் மருமகளாய் இருப்பவள். அவள் சொன்னால் பழத்தில் பிழை இராது.

அவளைப்பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைவிடப் பல வயது இளையவள். இரண்டு பஸ் மாறிக் கொழும்புத்துறையில் இருக்கும் எங்கள் தொழிற்சாலைக்கு வருவாள். அவளிடமும் ஒரு போன் இருந்தது. ஆனால் அதில் ஒரு விளையாட்டும் இல்லை. காலையில் வாசல் மணி அடிப்பதற்கு முன்னும், தேநீர் நேரத்திலும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். சும்மா பார்த்தாலும் பரவாயில்லை. வாய் ஓயாது.

"உங்கை கீழை பாருங்கோ அக்கா, கரட் கிடக்கு."

"தெரியுது பிள்ளை."

"அதுக்கு மேலை கிடக்கிற கத்தரிக்காயை முதல்லை எடுங்கோ. அப்பதான் மற்றக் கரட் வெளியிலை வரும்."

"நான் விளையாடுறனோ, நீ விளையாடுறியோ?"

ஒருநாள் எனக்குச் சினம் வந்து, போனை அவளிடம் நீட்டினேன். "இந்தா, நீயே விளையாடு" என்றேன். அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு விளையாட விருப்பமில்லை அக்கா. விளையாடுறவையைப் பாக்கத்தான் விருப்பம். சின்னனிலை அண்ணைமார் காட்ஸ் விளையாடேக்கை என்னைச் சேர்க்கமாட்டினம். பின்னாலை நிண்டு பாத்துப் பாத்து அப்பிடியே பழகிப்போச்சு."

அதற்குப் பிறகு நான் அவளைத் தடுக்கவில்லை. ஆனாலும் அவளுடைய மூச்சு என் காதில் படும்போதெல்லாம் உள்ளுக்குள் எரிச்சலாய்த்தான் இருக்கும். இடம் மாறி இருந்து பார்த்தேன். அவளும் மாறி வந்து இருந்தாள்.

போன வருஷம் மாரி ஓய்ந்த நேரம். காலையில் வாசலில் போட்டிருந்த வாங்குப் பலகையில் இருந்தபடி, பலநாளாய் என்னைத் தோற்கடித்துக்கொண்டிருந்த ஒரு கட்டத்தை முடித்தேன். கடைசியில் இடப்பக்கக் கரையில் மூன்று அன்னாசிப் பழங்கள் மட்டும் மிஞ்சின. அவள் வாயைத் திறப்பதற்குள் மூன்றையும் தொட்டுவிட்டேன். முயல் கைதட்டியது, அவளும் கைதட்டினாள். மணி அடித்தது. உள்ளே போனோம்.

வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பின்மண்டையில் மெல்லிய தலையிடி. விளக்கு வெளிச்சத்தில் கண்ணை ஊன்றிப் பார்க்கிறவளுக்குத் தலையிடி புதினமில்லை. வேறொன்றுதான் புதினமாய் இருந்தது. அன்றைக்கு என் நண்டுச் சதைத் தட்டுகள் வழமையைவிடக் கெதியாக முடிந்தன. பார்க்கத் தொடங்கினால் உடனே முடிந்துவிடும். இன்றைக்குக் கண் நல்லாய் ஓடுகிறது என்று எனக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டேன். ஒவ்வொரு தட்டிலும் வலப்பக்கப் பாதியை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. இருட்டாய் இருந்தால் இருட்டு என்று சொல்லலாம். மங்கலாய் இருந்தால் கண்ணைக் கசக்கலாம். எனக்கு இருட்டுமில்லை, மங்கலுமில்லை. இடப்பக்கம் என்று ஒன்று உலகத்தில் இல்லாமலே போயிருந்தது; அதை நான் தேடவுமில்லை.

தேநீருக்கு வெளியே வரும்போது இடத்தோள் கதவு நிலையில் அடிபட்டது. திட்டிக்கொண்டே போய் வாங்கில் இருந்து போனைத் திறந்தேன். அவள் வந்து பக்கத்தில் இருந்ததை நான் காணவில்லை. குரல்தான் கேட்டது.

"இந்தாங்கோ அக்கா, ரீ."

எங்கேயிருந்து குரல் வருகிறது என்று திரும்பித் தேடித்தான் கோப்பையை வாங்கினேன். அவள் அதைக் கவனித்தாளோ தெரியாது. நான் விளையாடத் தொடங்கினேன். இரண்டு தொகுதி மறைந்தது. பிறகு தொட ஒன்றுமில்லாமல் இருந்தேன்.

"இந்தக் கட்டத்திலை பழமே குறைவு" என்றேன்.

"ஏனக்கா, உங்கை கிடக்கிற தோடம்பழத்தை விட்டிட்டியள்?"

"எங்கை?"

"உங்கைதான், கரையிலை. மூண்டும் ஒண்டாக் கிடக்கு."

"காணேல்லை."

அவள் சிரித்தாள். "பகிடி விடாதேங்கோ அக்கா."

"பகிடி இல்லையடி. தோடம்பழம் ஒண்டும் இல்லை இதிலை."

சிரிப்பு நின்றது. அவள் என் கையில் இருந்த போனை அப்படியே பிடித்து, தலைகீழாகத் திருப்பினாள். எங்கிருந்தோ மூன்று ஆரஞ்சு நிறத் தோடம்பழங்கள் வந்து என் முன்னால் நின்றன. தலைகீழாய், ஆனால் பளிச்சென்று. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு பப்பாசியும் கூட.

"இப்ப தெரியுதோ?"

"ஓம். உது இப்ப எங்கையிருந்து வந்தது?"

அவள் போனைத் திரும்ப நேரே பிடித்தாள். தோடம்பழங்கள் போய்விட்டன. நான் சிரித்தேன் என்று அவள் பிறகு சொன்னாள். எனக்கு அது ஏதோ வித்தை மாதிரித்தான் இருந்ததாம்.

"எழும்புங்கோ அக்கா. போவம்."

"எங்கை?"

"ஆஸ்பத்திரிக்கு."

"உனக்கென்ன விசரே? தலையிடிக்கு ஆர் ஆஸ்பத்திரிக்குப் போறது? ஒரு குளிசை போட்டாச் சரி."

அவள் என் முன்னால் வந்து குந்தியிருந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "என்ரை மாமாவுக்கும் உப்பிடித்தான் அக்கா. மத்தியானம் சாப்பாட்டுத் தட்டிலை ஒரு பக்கத்துப் பாதிச் சோறுதான் சாப்பிட்டவர். மற்றப் பாதி அப்பிடியே கிடந்தது. பசியில்லையாக்கும் எண்டு நான் எடுத்துக்கொண்டு போயிட்டன். பின்னேரம் கிணத்தடியிலை விழுந்திட்டார். பிறகு அவர் எழும்பவே இல்லை. அந்தப் பாதிச் சோத்தை அவர் காணேல்லை எண்டு பேந்துதான் டொக்டர் சொன்னவர்."

அவளுக்கு அப்படி ஒரு மாமனார் இருந்ததும் போனதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எத்தனையோ நாள் என் தோளுக்குப் பின்னால் இருந்தவள். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மேற்பார்வையாளரிடம் ஓடிப்போய்ச் சொன்னதும், ஓட்டோ பிடித்ததும், என் தட்டுகளைத் திரும்பப் பார்க்கவேண்டும், ஒன்றையும் பெட்டியில் அடைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏறியதும் எல்லாம் அவள்தான். கடற்கரை வீதியால் ஓட்டோ போகும்போது எனக்கு வலப்பக்கம் மட்டும் காட்சியாய் வந்தது. கடல் இருக்கிற பக்கம் எது, வீடுகள் இருக்கிற பக்கம் எது என்று குழம்பிக்கொண்டு, அவளுடைய கையைப் பிடித்தபடி இருந்தேன். அப்போதுதான் எனக்கு முதல்தடவையாகப் பயம் வந்தது.

பெரியாஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் மருத்துவர் பார்த்தார். விரலைக் காட்டினார், கையைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்:

"கடைசியா எத்தினை மணிக்கு நல்லா இருந்தவா? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. மருந்து குடுக்கிறது அதிலைதான் இருக்கு. நேரம் தெரியாட்டிக் குடுக்க ஏலாது."

"நான் இப்பவும் நல்லாத்தான் இருக்கிறன்" என்றேன் நான்.

"எட்டு மணிக்கு, வேலை தொடங்க மணி அடிக்கேக்கை நல்லா இருந்தவா டொக்டர்" என்றாள் அவள்.

"எப்பிடி அவ்வளவு நிச்சயமாச் சொல்லுறியள்?"

"போனிலை பழ விளையாட்டு விளையாடினவா. நான் பின்னாலை நிண்டு பாத்தனான். இடப்பக்கக் கரையிலை கிடந்த மூண்டு அன்னாசியையும் நான் சொல்ல முந்தியே எடுத்தவா. எடுத்து முடிய மணி அடிச்சது. பேந்து ரீ குடிக்கேக்கை அதே கரையிலை கிடந்த தோடம்பழத்தை அவாவாலை காண ஏலேல்லை."

மருத்துவரின் பேனை அப்படியே நின்றது. அவளை ஏற இறங்கப் பார்த்தார். மேற்பார்வையாளரிடம் சொல்ல உள்ளே ஓடியபோது திரும்பப் போட்ட தொழிற்சாலைத் தொப்பியை, வந்த அவசரத்தில் அவள் கழற்ற மறந்திருந்தாள். காதுவரை இழுத்துவிட்ட அந்த வலைத் தொப்பியோடு, நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறவள் மாதிரி நிமிர்ந்து நின்றாள். மருத்துவர் சிரிக்கவில்லை. "உங்களை மாதிரி ஒராள் எல்லா நோயாளியோடையும் வந்தா எங்களுக்கு எவ்வளவு நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு, என்னை ஸ்கான் எடுக்கத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்.

மூளைக்குப் போகும் ஒரு சின்னக் குழாயில் இரத்தக்கட்டி அடைத்திருந்ததாம். கண்ணில் ஒரு பிழையும் இல்லை; கண் அனுப்பியதை வாங்கிப் பார்க்கிற இடத்தில்தான் பிழை. நேரத்தோடு போனதால் கட்டியைக் கரைக்கிற மருந்தை ஏற்ற முடிந்தது. பின்னேரமாய் வந்திருந்தால் அந்த மருந்துக்கு இடமே இருந்திராது என்று பிறகு சொன்னார்கள்.

நண்டு பிடிக்கப் போயிருந்த என் மனுசன் கடலில் இருந்து நேரே வந்திருந்தார். இடுப்புச் சாரத்தில் சேறு காயவில்லை. அவர் வந்து கட்டிலின் இடப்பக்கம் நின்றிருக்கிறார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவர் நின்று நின்று பார்த்துவிட்டு, மெல்லமாய்க் கேட்டார்:

"இஞ்சாரும்... என்னோடை கோவமோ?"

குரல் கேட்ட பிறகுதான் தலையைத் திருப்பினேன். அவருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாய் உள்ளே வந்தது. முதலில் காது, பிறகு கன்னம், பிறகு நனைந்திருந்த கண். கலியாணம் கட்டிய நாள்முதல் நான் அந்த முகத்தை அவ்வளவு கவனமாய்ப் பார்த்ததில்லை.

"கோவமில்லை. உங்களைக் காணேல்லை" என்றேன்.

"இவ்வளவு பெரிய ஆளையோ?" என்றார். இரண்டுபேரும் சிரித்தோம். அடுத்த கட்டிலில் கிடந்த வயதான ஒரு அம்மாவும் சிரித்தார்.

இடப்பக்கம் ஒரேயடியாகத் திரும்பி வரவில்லை. முதலில் அசைகிற பொருள்கள் வந்தன: சுழலும் மின்விசிறி, நடந்துபோகும் தாதியின் வெள்ளை உடுப்பு. பிறகு அசையாதவை வந்தன. வீட்டுக்குப் போகும்போது, தலையைத் திருப்பி இடப்பக்கத்தைத் தேடிப் பார்க்கிற பழக்கம் வரவேண்டும், அதற்கு ஏதாவது பயிற்சி செய்யச் சொன்னார்கள். பேப்பரில் எழுத்துத் தேடலாம், அரிசியில் கல் பொறுக்கலாம் என்றார் பயிற்சி தருகிறவர். "போனிலை பழம் பொறுக்கலாமோ?" என்று கேட்டேன். "தாராளமாய்" என்றார்.

அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். வந்தால் எப்பவும் எனக்கு இடப்பக்கம்தான் கதிரையைப் போடுவாள். முன்பு இடம் மாறி மாறி இருந்தவள், இப்போது என் மனுசன் வலப்பக்கம் கதிரை வைத்தாலும் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுவாள். "என்னோடை கதைக்கிறதெண்டா இஞ்சாலை திரும்பித்தான் கதைக்கவேணும்" என்பாள். நான் விளையாடும்போது மட்டும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு இருந்தாள். எனக்கு அது ஒருமாதிரியாய் இருந்தது.

"ஏன் பிள்ளை பேசாமல் இருக்கிறாய்? சொல்லன்."

"சொன்னா நீங்கள் தேடமாட்டியள் அக்கா."

"பரவாயில்லை. கொஞ்சம் சொல்லு."

அவள் யோசித்தாள். "இடப்பக்கத்திலை ஒண்டு கிடக்கு. அதுக்கு மேலை சொல்லமாட்டன்."

நான் கரையைத் தேடித் தேடிப் போய், கடைசியில் ஒரு பூசணியைக் கண்டுபிடித்தேன். முயல் கைதட்ட முன்னமே அவள் தட்டிவிட்டாள். அடுக்களையில் இருந்த என் மனுசன் என்ன நடந்தது என்று ஓடிவந்தார்.

எங்கள் ஊரில் ஆளுக்கு ஆள் நன்றி என்று வாயால் சொல்கிற வழக்கம் குறைவு. சொன்னால் அந்நியமாய்ப் போய்விடும். அதனால் என் மனுசன் ஒருநாள் விற்காமல் எடுத்துவைத்த நல்ல பெரிய நண்டுகளைப் பனையோலைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் நீர்வேலிக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். நண்டு பெட்டியில் அப்படியே இருந்தது. பின்னால் ஒரு முழு இதரை வாழைக்குலை கட்டியிருந்தது.

"அந்தப் பிள்ளை நண்டு தின்னாதாம். நாள் முழுக்க நண்டுக்கை நிக்கிறன், வீட்டையும் நண்டோ எண்டு கேட்டுச் சிரிக்குது. புருசன் தோட்டத்துக்குள்ளை போய்க் குலையை வெட்டித் தந்திட்டான். வேண்டாமெண்டு சொல்ல விடேல்லை."

குடுக்கப் போனவர் வாங்கிக்கொண்டு வந்து நின்றதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாய் இருந்தது. பழம் பழுக்கப் பழுக்க அயலுக்கெல்லாம் கொடுத்தோம்.

நான் திரும்ப வேலைக்குப் போனேன். ஓட்டுத் துண்டு தேடும் வேலை இல்லை. அதற்கு என் கண்ணை இனி முழுக்க நம்பமுடியாது. இடப்பக்கத்துக் கீழ்மூலையில் இன்னும் ஒரு சின்ன இடம் புகை பிடித்த மாதிரித்தான் இருக்கிறது. இப்போது பெட்டிகளுக்கு மூடிபோட்டு ஒட்டுகிறேன். என் பழைய விளக்குக்குக் கீழே அவள் இருக்கிறாள். ஒரு தட்டையும் கெதியாக முடிக்கமாட்டாள்.

திரும்ப வேலைக்குப் போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, வீட்டுக்குக் கிட்ட இருக்கும் பிள்ளையார் கோயிலில் அருச்சனை செய்ய இரண்டு தட்டுகளோடு போனேன். அவளுடைய நட்சத்திரத்தை முன்பே கேட்டு வைத்திருந்தேன். ஐயர் அவள் பெயரில் அருச்சனையை முடித்துவிட்டு அடுத்த தட்டைத் தொட்டார்.

"இது ஆரின்ரை பேருக்கு?"

அது அந்த விளையாட்டைச் செய்தவர்களுக்கு. எந்த நாட்டில் இருக்கிறார்களோ, என்ன மொழி பேசுகிறார்களோ. பஸ்ஸுக்கு நிற்கிறவளும் தேநீர் குடிக்கிறவளும் கொஞ்சநேரம் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று யாரோ ஒருவர் குந்தியிருந்து தோடம்பழத்துக்குத் தோடம்பழ நிறம் அடித்திருக்கிறார். அதை எல்லாம் மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்று விளங்கப்படுத்த ஏலாது.

"பேர் தெரியாது ஐயா."

"நட்சத்திரம்?"

"அதுவும் தெரியாது."

ஐயர் கற்பூரத் தட்டோடு என்னைப் பார்த்தார். "என்ன உறவு பிள்ளை?"

"உறவில்லை. உபகாரம் செய்தவை."

"சரி" என்றார். "சுவாமியின்ரை பேருக்கே செய்வம். ஆரெண்டு அவருக்குத் தெரியும்தானே."

வெளியே என் மனுசன் மோட்டார் சைக்கிளோடு வேலிக்கரையில் காத்துக்கொண்டு நின்றார். நெற்றியில் பூசிவிட விபூதியை நீட்டினேன். ஐயரோடு என்ன அவ்வளவு நேரம் கதை என்று கேட்டார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன்.